லியர் அரசன்: ஆறுதல் சொல்ல மறுக்கும் நாடகம்

1681இல் நாஹும் டேட் என்ற கவிஞர் ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தைக் கையில் எடுத்துப் பழுதுபார்த்தார். மூத்த இரண்டு மகள்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுத்து, முகஸ்துதி பேச மறுத்த கடைசி மகளை விரட்டிவிட்டு, பிறகு அந்த மூத்தவர்களாலேயே துரத்தப்படும் ஒரு கிழட்டு ராஜாவின் கதை அது. முக்கியமான பழுது என்று அவருக்குப் பட்டது அதன் முடிவு. ஷேக்ஸ்பியர் எழுதியபடி, கடைசி மகள் கார்டிலியா சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். அவள் உடலைக் கைகளில் ஏந்தி வரும் கிழவர் லியரும் அங்கேயே செத்துப்போகிறார். டேட்டின் கைக்குப் போனபிறகு இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். கார்டிலியாவுக்கும், கிளாஸ்டர் என்ற பிரபுவின் மகன் எட்கருக்கும் காதல், கல்யாணம். லியருக்கு மணிமுடி திரும்பக் கிடைக்கிறது, அதை மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஓய்வெடுக்கப் போகிறார். லியரின் கூடவே வரும் அரண்மனைக் கோமாளி பாத்திரத்துக்கு இடமே இல்லை.

லண்டன் ரசிகர்களுக்கு இது ரொம்பவே பிடித்துப்போனது. அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு இங்கிலாந்து மேடைகளில் 'லியர்' என்றால் டேட்டின் லியர்தான். 18ஆம் நூற்றாண்டின் மாபெரும் நடிகரான டேவிட் காரிக் ஷேக்ஸ்பியரின் வரிகள் பலவற்றைத் திரும்பச் சேர்த்தார், ஆனால் அந்த முடிவைத் தொடத் துணியவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநிலை தவறியிருந்த கடைசி ஆண்டுகளில் நாடகமே லண்டன் மேடையில் இல்லை. பைத்தியம் பிடித்த அரசனை மேடையில் யார் காட்டுவார்கள்? 1823இல் நடிகர் எட்மண்ட் கீன் துயர முடிவை மீட்டார். 1838இல் இன்னொரு நடிகரான மேக்ரெடி கோமாளியையும் சேர்த்து, ஏறக்குறைய முழு நாடகத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார். கோமாளியாக நடித்தவர் பிரிசில்லா ஹார்ட்டன் என்ற இளம் நடிகை.

இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் டேட்டை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் 1765இல் ஷேக்ஸ்பியர் பதிப்பைக் கொண்டுவந்தபோது வெளிப்படையாகவே ஒத்துக்கொள்கிறார்: கார்டிலியாவின் சாவு பல ஆண்டுகளுக்கு முன்பு தன்னை அவ்வளவு உலுக்கியது, பதிப்பாசிரியராகத் திருத்தவேண்டி வந்த வரைக்கும் அந்தக் கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கும் தெம்பு தனக்கு இருந்ததா என்றே தெரியவில்லை என்று. ஷேக்ஸ்பியரில் சாவுக்கா பஞ்சம்? 'ஹாம்லெட்' கடைசிக் காட்சியில் மட்டும் நாலு பிணம் விழுகிறது. அதன் முடிவை மாற்றி ஒன்றரை நூற்றாண்டு யாரும் ஆடவில்லை. லியருக்கு மட்டும் ஏன் இது நடந்தது?

என் பதில் இது. மற்ற துயர நாடகங்கள் நம்மை அழவிட்டு, கடைசியில் கையில் ஏதோ ஒரு ஆறுதலைக் கொடுத்து அனுப்பும். இந்த நாடகம் ஆறுதலைக் கைக்கெட்டும் தூரம் வரை கொண்டுவந்து, நாம் கை நீட்டும்போது பறித்துக்கொள்கிறது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. தெரிந்தே செய்கிறது. நானூறு ஆண்டுகளாக இது பழையதாகாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கதை தெரிந்தவர்களுக்கு வைத்த அதிர்ச்சி

நல்ல முடிவு டேட்டின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஷேக்ஸ்பியருக்கு முன்பே இருந்தது. லியர் கதையை 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி தன் பிரிட்டன் மன்னர் வரலாற்றில் எழுதினார். அதில் கார்டிலியாவின் படை வெல்கிறது, லியர் மறுபடி அரியணை ஏறுகிறார், சில ஆண்டுகள் ஆண்டுவிட்டு இயல்பாக இறக்கிறார். கார்டிலியா சிறைப்பட்டுத் தற்கொலை செய்துகொள்வது அதற்கெல்லாம் பல ஆண்டுகள் கழித்து, வேறொரு போரில். 16ஆம் நூற்றாண்டில் ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான். போதாக்குறைக்கு, இதே கதையை வைத்து ஒரு பழைய நாடகமும் 1594இல் லண்டனின் ரோஸ் அரங்கில் ஆடப்பட்டு, 1605இல் அச்சாகியும் இருந்தது. அதுவும் சுபம்தான்.

ஆக, 1606 டிசம்பர் 26 அன்று வைட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் இந்த நாடகம் நடந்தபோது, உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குக் கதை தெரியும். லியர் கஷ்டப்படுவார், கடைசி மகள் வந்து காப்பாற்றுவாள். அந்த நம்பிக்கையோடுதான் அவர்கள் நான்காம் அங்கத்தைத் தாண்டியிருப்பார்கள். அப்பனும் மகளும் ஒன்றுசேரும் காட்சி அந்த நம்பிக்கையை உறுதி செய்யும்படியே எழுதப்பட்டிருக்கிறது. அதன்பிறகு, அப்பனைக் காப்பாற்றப் பிரான்சிலிருந்து வந்த கார்டிலியாவின் படை தோற்கிறது. போர் நடப்பதையே நமக்குக் காட்டுவதில்லை. எட்கர் ஓடிவந்து, லியர் தோற்றார், அவரும் மகளும் பிடிபட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான்.

அந்த அரசவைக்கு இந்தக் கதை வேறு விதத்திலும் சுருக்கென்று தைத்திருக்கும். ஜேம்ஸ் 1603இல்தான் இங்கிலாந்தின் அரியணைக்கு வந்து, ஸ்காட்லாந்தையும் இங்கிலாந்தையும் ஒரே நாடாக்க முயன்றுகொண்டிருந்தார். நாட்டைப் பிள்ளைகளுக்குள் பிரித்துக் கொடுக்காதே என்று தன் மகனுக்கு எழுதிய நூலிலேயே எச்சரித்தவர் அவர். நாடகத்தில் லியரின் மருமகன்கள் ஆல்பனி கோமகனும் கார்ன்வால் கோமகனும். அதே பட்டங்கள் அன்று ஜேம்ஸின் இரண்டு மகன்களிடம் இருந்தன. அதே 1603இல் பிரையன் ஆன்ஸ்லி என்ற முதியவருக்குச் சித்தம் சரியில்லை என்று அறிவிக்கச் சொல்லி அவருடைய மூத்த மகள் முயன்றதும், கடைசி மகள் அதை எதிர்த்து நின்றதும் நடந்தது. அந்தக் கடைசி மகளின் பெயர் கார்டெல். ஷேக்ஸ்பியர் இதைக் கேள்விப்பட்டிருந்தாரா என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் அப்பன் அன்றைக்கு வெறும் புராணக் கதை இல்லை என்பது நிச்சயம்.

100 வீரர்களிலிருந்து ஒன்றும் இல்லாதது வரை

முதல் காட்சியைப் பற்றி ஒரு பழைய குறை உண்டு. யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள் சொல்லுங்கள், அதற்கேற்ப நாட்டைத் தருகிறேன் என்று ஒரு ராஜா கேட்பானா, இதென்ன பாட்டி கதையா என்பார்கள். கவனித்துப் படித்தால் பங்கு ஏற்கெனவே பிரிக்கப்பட்டுவிட்டது தெரியும். நாடகத்தின் முதல் பேச்சே அதுதான்: இரண்டு மருமகன்களுக்கும் கிடைக்கும் பங்கில் குண்டுமணி வித்தியாசம் கிடையாது என்று லியரின் பிரபுக்கள் கென்ட்டும் கிளாஸ்டரும் பேசிக்கொள்கிறார்கள். மூத்தவள் கானரில் பேசி முடித்ததும், அடுத்தவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, வரைபடத்தில் கோடு காட்டி அவள் பங்கைக் கொடுத்துவிடுகிறார் லியர். அப்படியானால் போட்டி எங்கே இருக்கிறது? இது சபை நடுவே தன் காதுக்கு இனிமையாக நாலு வார்த்தை கேட்க ஒரு கிழவர் ஏற்பாடு செய்த சடங்கு. கார்டிலியா அந்தச் சடங்கில் தன் வரியைச் சொல்ல மறுக்கிறாள்.

அவள் மறுக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். என் கடமைப்படி நேசிக்கிறேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை; நாளைக்கு எனக்குக் கல்யாணம் ஆனால் பாதி அன்பு கணவனுக்குப் போகும் என்கிறாள். உண்மைதான். ஆனால் எண்பது வயதுக் கிழவரிடம் சபையில் வைத்துச் சொல்லும் பேச்சா அது? அப்பனின் வீம்பு கடைசி மகளுக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. மறுபக்கம், காட்சி முடிந்து தனியாக நிற்கும் இரண்டு அக்காக்களும் பேசுவது முழுக்கக் கெட்டவர்களின் பேச்சாக இல்லை. வயசாகிவிட்டது, இவர் எப்போதுமே தன்னைத் தானே சரியாகப் புரிந்துகொண்டதில்லை, இனி நம்மிடம் வந்து என்னென்ன செய்யப்போகிறாரோ என்கிறார்கள். இந்தப் பேச்சை எந்த வீட்டிலும் கேட்கலாம்.

இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சிதான் இந்த நாடகத்தின் மிகக் கொடூரமான இடம் என்பேன். கண்ணைப் பிடுங்கும் காட்சியைவிட இது கொடூரம். நாட்டைக் கொடுத்தபோது லியர் தனக்கென்று வைத்துக்கொண்டது 100 வீரர்கள், மாதம் ஒரு மகள் வீடு. கானரில் அதை 50 ஆகக் குறைக்கிறாள். கோபித்துக்கொண்டு ரீகனிடம் ஓடினால், அவள் 25 போதும் என்கிறாள். எல்லாவற்றையும் உங்களுக்குக் கொடுத்தேனே என்று லியர் அலறுகிறார். கொடுத்தீர்கள், அதுவும் சரியான நேரத்தில்தான் கொடுத்தீர்கள் என்கிறாள் ரீகன். உடனே லியர் கானரிலின் பக்கம் திரும்பி, உன் 50 இவளுடைய 25க்கு இரண்டு மடங்கு, அப்படியானால் உன் அன்பும் இரண்டு மடங்கு, உன்னோடு வருகிறேன் என்கிறார்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. அன்பை அளந்து நிலமாகக் கொடுத்தவர் அவர். அந்தத் தராசு இப்போது மகள்கள் கையில் இருக்கிறது, அதே கணக்கை அவருக்கே போடுகிறார்கள். இன்னும் அவருக்குப் புரியவில்லை. இந்த நிலையிலும் வீரர்களை எண்ணி அன்பைக் கணக்குப் போடுகிறார். கானரில் ஏலத்தைத் தொடர்கிறாள்: 25 எதற்கு, 10 எதற்கு, 5 எதற்கு? ரீகன் முடித்துவைக்கிறாள்: ஒன்றுதான் எதற்கு? அப்போதுதான், தேவை என்று கணக்குப் பார்த்தால் பிச்சைக்காரனிடம்கூடத் தேவைக்கு மிஞ்சின ஏதோ ஒன்று இருக்கும், இயற்கைக்குத் தேவையானது மட்டும் போதும் என்றால் மனிதனும் மாடும் ஒன்றுதான் என்று அவர் வெடிக்கிறார். பேச்சை அவரால் முடிக்க முடியவில்லை. பழிவாங்குவேன், என்ன செய்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது, ஆனால் செய்வேன் என்று குழந்தை மாதிரி உளறுகிறார். வெளியே இடி இடிக்கிறது. ரீகன் கதவைச் சாத்தச் சொல்கிறாள்.

புயல்

திறந்தவெளியில் கொட்டும் மழையில் லியர் நிற்கும் காட்சிதான் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. 1811இல் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் லாம் ஒரு கட்டுரையில் இதைப் பிடித்துக்கொண்டார். மேடையில் லியரைப் பார்ப்பது என்றால், மகள்கள் மழை இரவில் வெளியே துரத்திவிட்ட ஒரு கிழவன் கைத்தடியோடு தள்ளாடுவதைப் பார்ப்பதுதான், அதில் வேதனையையும் அருவருப்பையும் தவிர எதுவும் மிஞ்சாது, இந்த நாடகத்தைப் படிக்கத்தான் முடியும், நடிக்கவே முடியாது என்றார். அவர் பார்த்திருக்கக்கூடிய மேடையில் ஆடியது டேட்டின் நாடகம்தானே, அவரைக் குறை சொல்லி என்ன பயன்.

புயலில் லியர் இடியோடு சண்டை போடும் நீண்ட பேச்சுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நடுவே சட்டென்று அவர் கோமாளியிடம் திரும்பிக் கேட்கும் ஒரு கேள்வி: எப்படியப்பா இருக்கிறாய், குளிருகிறதா? எனக்கும் குளிருகிறது. இந்த நாடகத்தில் லியர் இன்னொருவரின் உடம்பைப் பற்றி விசாரிப்பது ஏறக்குறைய இதுதான் முதல்முறை. கொஞ்ச நேரத்தில், குடிசை வாசலில் கோமாளியை முதலில் உள்ளே போகச் சொல்லிவிட்டு, கூரையும் துணியும் இல்லாத ஏழைகள் இந்த மாதிரி இரவுகளை எப்படித் தாங்குவார்கள், ராஜாவாக இருந்தும் இதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லையே என்கிறார். அதைச் சொல்லி முடிக்கிறார், குடிசைக்குள்ளிருந்து பைத்தியக்காரப் பிச்சைக்காரன் வேடத்தில், அப்பா கிளாஸ்டருக்குப் பயந்து ஒளிந்திருக்கும் எட்கர் வருகிறான், கிட்டத்தட்ட அம்மணமாக. அவனைக் கண்ட லியரின் புத்தி முழுதாகப் பேதலித்துப்போகிறது. துணியில்லாத மனிதன் இரண்டு கால் விலங்கு, அவ்வளவுதான் என்று சொல்லித் தன் உடையையும் கிழிக்கத் தொடங்குகிறார். ஞானம் வந்தால் விடிவு வரும் என்ற நம் எதிர்பார்ப்பு இங்கே முறிகிறது. அவருக்கு ஞானமும் பைத்தியமும் ஒரே நேரத்தில் வருகின்றன.

பெயரில்லாத வேலைக்காரன்

கிளாஸ்டரின் கிளைக்கதையை ஷேக்ஸ்பியர் எடுத்தது ஃபிலிப் சிட்னியின் 'ஆர்கேடியா'விலிருந்து. அங்கே ஒரு ராஜா தன் முறைகேடான மகனை நம்பிக் கண்ணிழக்கிறார், நல்ல மகன் அவரைக் கைபிடித்து நடத்துகிறான். இங்கேயும் அதே. முறைகேடான மகன் எட்மண்டின் பேச்சை நம்பிய கிளாஸ்டர் நல்ல மகன் எட்கரைத் துரத்துகிறார். லியருக்கு உதவிய குற்றத்துக்காக அவரை நாற்காலியில் கட்டி வைத்து ஒரு கண்ணை ரீகனின் கணவன் கார்ன்வால் பிடுங்குகிறான்.

இன்னொரு கண்ணுக்குக் கை போகும்போது அவனுடைய வேலைக்காரனே குறுக்கே நிற்கிறான். சின்ன வயதிலிருந்து உங்களிடம் வேலை பார்க்கிறேன், இப்போது நிறுத்தச் சொல்வதைவிட நல்ல சேவை எதுவும் நான் உங்களுக்குச் செய்ததில்லை என்கிறான். கத்தியை உருவுகிறான். ரீகன் பின்னாலிருந்து அவனைக் குத்திக் கொல்கிறாள். சாவதற்குள் அவன் கொடுத்த காயத்தில்தான் கார்ன்வால் பிறகு சாகிறான். அவனுக்கு நாடகத்தில் பெயர் கிடையாது, வரிகளும் பத்துக்குள்தான். நாடகத்தில் அதிகாரத்தை எதிர்த்து வாளெடுக்கும் முதல் ஆள் அவன்தான்.

இந்த இடத்தில் பதிப்புச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. நாடகம் 1608இல் குவார்ட்டோ என்ற சிறு நூலாகவும், 1623இல் ஃபோலியோ என்ற பெருந்தொகுப்பிலும் வந்தது. குவார்ட்டோவில் இருக்கும் சுமார் 300 வரிகள் ஃபோலியோவில் இல்லை, ஃபோலியோவின் சுமார் 100 வரிகள் குவார்ட்டோவில் இல்லை. இரண்டும் ஒரே நாடகத்தின் இரண்டு வெவ்வேறு வடிவங்கள் என்று சொல்லி, 1986இன் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரண்டையும் தனித்தனியாகவே அச்சிட்டது. கண்ணிழந்த கிளாஸ்டரின் முகத்தில் வழியும் ரத்தத்துக்கு மருந்தும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டுவரப் போகும் இரண்டு வேலைக்காரர்கள் குவார்ட்டோவில் இருக்கிறார்கள், ஃபோலியோவில் இல்லை. 1962இல் இயக்குநர் பீட்டர் புரூக், நடிகர் பால் ஸ்கோஃபீல்டை லியராக வைத்து இயக்கியபோது அவர்களை வேண்டுமென்றே எடுத்துவிட்டார். இரக்கம் காட்டும் ஒரு கையும் மேடையில் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. போலந்து விமர்சகர் யான் காட், லியரை, நம்பிக்கைக்கு இடம் தராத பெக்கெட்டின் நாடகங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்த காலம் அது.

எனக்கு அதில் உடன்பாடில்லை. இரக்கமே இல்லாத உலகத்தைக் காட்டுவது சுலபம், அங்கே யாருக்கும் எதுவும் இழப்பு இல்லை. இந்த நாடகத்தில் நல்லவர்கள் நிறையவே இருக்கிறார்கள். வேலைக்காரன் உயிரைக் கொடுக்கிறான், நாடு கடத்தப்பட்ட கென்ட் மாறுவேடத்தில் வந்து எஜமானுக்கே பணிவிடை செய்கிறான், கோமாளி மழையிலும் விலகாமல் நிற்கிறான். இவ்வளவு நல்லதும் சேர்ந்து முடிவை ஒரு இம்மிகூட மாற்றவில்லை. நெஞ்சை அடைப்பது அதுதான். அந்த முட்டை வெள்ளைக்கருவை வெட்டிவிட்டால் நாடகம் கடுமையாகத் தெரியலாம், உண்மையில் அதன் பாரம் குறைந்துபோகிறது.

டோவர் பாறை

லாமுக்கு நல்ல பதில் நான்காம் அங்கத்தில் இருக்கிறது. செத்துப்போகலாம் என்று கிளாஸ்டர் டோவர் கடற்கரைப் பாறைக்கு வழி கேட்கிறார். வழிகாட்டுவது மாறுவேடத்தில் இருக்கும் மகன் எட்கர். சமதரையிலேயே நடத்திவந்து, உச்சிக்கு வந்துவிட்டோம் என்கிறான். கீழே பறக்கும் காக்கைகள் வண்டளவு தெரிகின்றன, கரையில் நடக்கும் மீனவர்கள் எலிகளைப் போல இருக்கிறார்கள், பாறை நடுவே ஒருவன் தொங்கியபடி கீரை பறிக்கிறான், என்னால் குனிந்து பார்க்க முடியவில்லை, தலை சுற்றுகிறது என்கிறான். கிளாஸ்டர் மண்டியிட்டுக் கும்பிட்டுவிட்டுக் குதிக்கிறார். தரையில் குப்புற விழுகிறார்.

ஷேக்ஸ்பியரின் மேடை வெறும் பலகை. அங்கே அரண்மனை என்று சொன்னால் அரண்மனை, காடு என்று சொன்னால் காடு. ஆகவே எட்கர் பாறை என்றதும் பார்வையாளரும் ஒரு நிமிடம் பாறையைப் பார்த்துவிடுகிறார்கள். கிளாஸ்டர் ஏமாறும் அதே விதத்தில் நாமும் ஏமாறுகிறோம். புத்தகத்தில் படிக்கும்போது இது ஒரு விசித்திரம், அவ்வளவுதான். மேடையில் பார்த்தால், கிழவர் விழும்போது சிரிப்பதா அழுவதா என்று அரங்கத்துக்கே தெரியாமல் போகும். இதைப் படிக்கத்தான் முடியும், நடிக்க முடியாது என்றால் எப்படி ஒத்துக்கொள்வது?

பறிக்கப்படும் ஆறுதல்கள்

முன்பு சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் அங்கத் தொடக்கத்தில் எட்கர் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான்: அடிமட்டத்துக்கு வந்தாயிற்று, இனி மேலே போக மட்டும்தான் வழி. அடுத்த கணம் கண் பிடுங்கப்பட்ட அப்பாவைக் கைபிடித்து யாரோ நடத்திவருகிறார்கள். இதுதான் மோசம் என்று வாயால் சொல்ல முடிகிறவரை மோசம் இன்னும் வரவில்லை என்று அவன் தன் வார்த்தையைத் தானே விழுங்குகிறான்.

லியரும் கார்டிலியாவும் மறுபடி சந்திக்கும் இடம் ஷேக்ஸ்பியர் எழுதியதிலேயே மிக எளிமையான பேச்சு. தூங்கி எழுந்த கிழவர், நான் ஒரு முட்டாள் கிழவன், எண்பது தாண்டிவிட்டது, புத்தி சரியாக இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது, இந்தப் பெண் என் மகள் கார்டிலியா என்று நினைக்கிறேன் என்கிறார். விஷம் கொடுத்தால் குடிக்கிறேன், உன் அக்காக்களுக்கு என்மேல் கோபப்படக் காரணமில்லை, உனக்கு இருக்கிறது என்கிறார். காரணமே இல்லை, காரணமே இல்லை என்கிறாள் அவள். முதல் காட்சியில் வார்த்தையை அளந்து பேசிய அதே மகள், இப்போது அப்பட்டமாக ஒரு பொய் சொல்கிறாள். சிறைக்குப் போகும்போதும் லியருக்குச் சந்தோஷம்: வா, நாம் இருவரும் கூண்டுப் பறவைகள் போலப் பாடுவோம், பழைய கதைகள் பேசுவோம், அரண்மனைச் செய்தி கேட்டுச் சிரிப்போம்.

அடுத்து வருவது கொஞ்சம் நம்ப முடியாத இடம். எட்கரும் எட்மண்டும் சண்டையிட்டு எட்மண்ட் சாகக் கிடக்கிறான். எட்மண்ட் மேல் அக்கா தங்கை இருவருக்கும் இருந்த ஆசையால் கானரில் ரீகனுக்கு விஷம் வைத்துவிட்டுத் தானும் குத்திக்கொண்டு சாகிறாள். கெட்டவர்கள் கணக்கு ஒவ்வொன்றாக முடிகிறது, நியாயம் ஜெயிப்பது போலவே தெரிகிறது. இந்தப் பரபரப்பில் லியரையும் கார்டிலியாவையும் எல்லோருமே மறந்துவிடுகிறார்கள். கென்ட் வந்து ராஜா எங்கே என்று கேட்ட பிறகுதான் ஆல்பனிக்கு நினைவு வருகிறது: எவ்வளவு பெரிய விஷயத்தை மறந்துவிட்டோம்! கார்டிலியாவைக் கொல்லச் சொல்லி உத்தரவு போட்ட எட்மண்ட், சாகும் தறுவாயில் நல்லது ஒன்று செய்ய நினைத்து, ஓடிப்போய் நிறுத்துங்கள் என்கிறான். ஆள் ஓடுகிறான். தெய்வங்கள் அவளைக் காக்கட்டும் என்கிறான் ஆல்பனி. அவன் வேண்டுதலுக்குப் பதில்போல, எட்மண்டைத் தூக்கிக்கொண்டு போனதுமே, கார்டிலியாவின் உடலோடு லியர் உள்ளே வருகிறார்.

எந்த விதியும் அவளைக் கொல்லவில்லை. சில நிமிடத் தாமதம் கொன்றது. கிரேக்கத் துயர நாடகத்தில் குறி சொன்னது நடந்தே தீரும், அதில் ஒரு பயங்கர ஒழுங்காவது இருக்கும். இங்கே அதுகூட இல்லை.

அப்புறம் லியர் செய்வதெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். கண்ணாடி கேட்கிறார், அவள் மூச்சு அதில் படிகிறதா பார்க்க. ஒரு இறகு அசைவதாகச் சொல்கிறார். நாய்க்கும் குதிரைக்கும் எலிக்கும் உயிர் இருக்கும்போது உனக்கு ஏன் மூச்சே இல்லை என்கிறார். இனி வரமாட்டாய் என்று சொல்லி, 'ஒருபோதும்' என்ற ஒரே சொல்லை ஃபோலியோவில் 5 முறை, குவார்ட்டோவில் 3 முறை சொல்கிறார். இந்தப் பித்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு, நன்றி ஐயா என்கிறார். புயலில் துணியைக் கிழித்தவர், இத்தனை பேருக்கு உத்தரவு போட்டே வாழ்ந்தவர், ஒரு பித்தானுக்காக நன்றி சொல்கிறார்.

ஃபோலியோவில் அவருடைய கடைசி வார்த்தைகள், அவள் உதட்டைப் பாருங்கள், அங்கே பாருங்கள் என்பது. அவள் உயிரோடிருப்பதாக நம்பி ஆனந்தத்தில் செத்தார் என்றார் விமர்சகர் ஏ. சி. பிராட்லி, 1904இல். அது வெறும் மாயை, கடைசிக் கொடுமை அதுதான் என்பவர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள். குவார்ட்டோவில் அந்த வரிகளே கிடையாது, அந்த இடத்தில் ஓ ஓ என்ற முனகல்தான். நடிகர் ஒவ்வொருவரும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அதனால்தான் ஒரே காட்சி ஒவ்வொரு முறையும் வேறாகிறது.

டால்ஸ்டாயின் வழக்கு

இந்த நாடகத்தை எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. டால்ஸ்டாய் 1906இல் வெளியான கட்டுரையில் லியரைக் காட்சி காட்சியாகப் பிரித்துப்போட்டு, நம்ப முடியாதது, அலங்காரப் பேச்சு, பழைய நாடகமே இதைவிட மேல் என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்ன குறைகளில் சில நியாயமானவை. கென்ட்டை லியருக்கு அடையாளம் தெரியவில்லை, எட்கர் கடைசிவரை அப்பாவிடம் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு காரணமும் இல்லாமல் தாமதிக்கிறான். மூன்றாம் அங்கத்துக்குப் பிறகு கோமாளி எங்கே போனான் என்று நாடகம் சொல்வதே இல்லை. ஓட்டைகள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை.

1947இல் ஜார்ஜ் ஆர்வெல் இதற்கு எழுதிய பதில் பிரபலம். சொத்து, பட்டம், எழுத்துரிமை எல்லாவற்றையும் துறக்கப்போய், குடும்பத்தோடு மல்லுக்கட்டி, 1910இல் வயதான காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒரு ரயில் நிலையத்தில் உயிர்விட்ட டால்ஸ்டாயின் கதையே லியரின் கதை மாதிரி இருக்கிறது என்றார். துறந்துவிட்டால் நிம்மதி கிடைக்கும் என்று நம்பியவரை, துறந்தும் நிம்மதி கிடைக்காத ராஜாவின் கதை எரிச்சலூட்டியதில் ஆச்சரியம் இல்லை.

20ஆம் நூற்றாண்டுக்கு இந்த நாடகம் சொந்த நாடகம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு உலகப் போரைப் பார்த்தவர்களுக்கு டேட்டின் முடிவுதான் நம்ப முடியாததாகப் பட்டது. சோவியத் இயக்குநர் கோசின்ட்சேவ், பாஸ்டர்நாக்கின் மொழிபெயர்ப்பையும் ஷாஸ்டகோவிச்சின் இசையையும் வைத்துப் படமெடுத்தார். ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1985இல் 'ரான்' படத்தில் மகள்களை மகன்களாக்கி, அவர்களுடைய அப்பன் ஒருகாலத்தில் எத்தனை ஊர்களைக் கொளுத்தியவன் என்ற கேள்வியையும் சேர்த்தார். ஷேக்ஸ்பியர் சொல்லாமல் விட்ட பழைய கணக்கு அது. 2016இல் லண்டன் ஓல்டு விக் அரங்கில் 80 வயது கிளெண்டா ஜாக்சன், 25 ஆண்டுகள் நடிப்பைவிட்டு ஒதுங்கியிருந்தவர், லியராகவே நடித்தார்.

கடைசியாக ஒரு விஷயம். லியர் செத்ததும் மேடையில் மிஞ்சுவது ஆல்பனி, கென்ட், எட்கர். இத்தனைக்குப் பிறகும் ஆல்பனி செய்வது என்ன தெரியுமா? நீங்கள் இருவரும் சேர்ந்து நாட்டை ஆளுங்கள் என்று கென்ட்டிடமும் எட்கரிடமும் கொடுக்கப் பார்க்கிறான். ஆட்சியை மறுபடி இரண்டு பங்கு வைக்கிறான். என் எஜமான் கூப்பிடுகிறார், நான் போக வேண்டும் என்று கென்ட் மறுத்துவிடுகிறான். எட்கர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாடகத்தின் கடைசி நாலு வரிகள் குவார்ட்டோவில் ஆல்பனியின் பெயரிலும், ஃபோலியோவில் எட்கரின் பெயரிலும் இருக்கின்றன. அதிலும் அடுத்த ராஜா யார் என்பதற்குப் பதில் கிடையாது.